ஆள் வரும் வரை

ஜூன் 3

இன்று முதல் எனக்குக் கணினி அறை. மகப்பேறு வார்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். "ஆள் வர்ற வரைக்கும்தான் பிலோமினா" என்றார் தலைமை மருத்துவர் ரங்கநாயகி மேடம். மேலே இருப்பவர்கள் சொன்னால் ஒரு செவிலியர் என்ன செய்ய முடியும்? இருபது வருடத்துக்கு மேல் பிரசவம் பார்த்துவிட்டு, இந்த வயதில் தட்டச்சு.

அறை எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் இருக்கிறது. நான்கு மேசை, நான்கு கணினி. அனுமதிக்கப்பட்ட பணியிடமும் நான்கு. ஆனால் இரண்டு வருடமாக அங்கே இருந்தது இளம்பரிதி ஒருவர்தான். அவரும் ஏப்ரலில் சென்னைக்குப் போய்விட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களை இன்சூரன்ஸுக்காகக் குறியீட்டு எண்களாக மாற்றித் தரும் கம்பெனி. நல்ல வேலை கிடைத்தது, போனார்.

ஜூன் 4

மேசைகளின் மேல் காகிதம், மேசைகளுக்கு அடியிலும் காகிதம். மலையில் சிக்னல் இல்லாத ஊர்களின் சுகாதார நிலையங்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி ஜீப்பில் அனுப்புகின்றன. கர்ப்பிணிகளின் எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன். அதையெல்லாம் இங்கே கணினியில் ஏற்றினால்தான் வார்டில் இருப்பவர்களுக்குத் திரையில் தெரியும். ஏற்றாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு எதுவுமே இல்லை, ஆரோக்கியமாக இருக்கிறாள் என்றுதான் தெரியும்.

இரண்டு விரலால் தட்டுகிறேன். மத்தியானத்துக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். வீட்டுக்காரர் தான் ஓட்டுகிற ஸ்கூல் வேனைக் கழுவிவிட்டு வந்து, "என்ன, வெளிச்சமிருக்கும்போதே வந்துட்ட?" என்றார். சந்தோஷமாகத்தான் கேட்டார்.

ஜூன் 7

பிரிண்டரில் மை இல்லை. எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 11

கேன்டீனில் பரமேஸ்வரி எதிரில் வந்து உட்கார்ந்தாள். வார்டில் எனக்கு அடுத்தவள் அவள்தான். இப்போது பகல் ஷிஃப்டில் அவளும் இன்னொருத்தியும் மட்டும்.

"நேத்து ஒரே நேரத்துல மூணு பேருக்கு வலி பிலோமிக்கா. ஒருத்திய நடந்துக்கிட்டே இருன்னு சொல்லிட்டு இன்னொருத்திக்கு ஓடுறேன். எப்ப வர்றீங்க?"

"ஆள் போட்டாத்தான வர முடியும்."

"ஆளா? இந்தச் சம்பளத்துக்கு, பதினோரு மாசக் கான்ட்ராக்ட்டுக்கு எவன் வருவான்? கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ளைக பூராம் மெட்ராசுக்கும் கோயமுத்தூருக்கும் போயிருதுக."

சாப்பிட்டுவிட்டுச் சமையற்கூடத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அறைக்கு வந்தேன். வார்டு வழியாக வந்தால் பக்கம்தான். அந்த வராந்தாவில் எப்போதும் தண்ணீர் கிடக்கிறது, வழுக்கும்.

ஜூன் 17

கர்ப்பிணிப் பதிவில் ஒரே பெண் இரண்டு முறை வருகிறாள். அம்மா வீட்டில் ஒரு முறை, புகுந்த வீட்டில் ஒரு முறை. ஒன்றில் இருக்கும் விவரம் மற்றொன்றில் இல்லை. இரண்டையும் எப்படி இணைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் இளம்பரிதிக்கே ஃபோன் செய்தேன்.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றார், நேற்றுத்தான் பார்த்தது போல. எந்த இடத்தில் அழுத்தவேண்டும், எந்தப் பெட்டியில் டிக் போடவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது. குழந்தை மாதிரிச் சிரித்துவிட்டேன்.

"வேல எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சிஸ்டர். இங்க ஒருத்தரோட ஃபைல நான் பாத்ததுக்கப்பறம் இன்னும் ரெண்டு பேரு பாக்குறாங்க. தப்பிருந்தா திருப்பி அனுப்பிருவாங்க." பிறகு சொன்னார், "யாருன்னே தெரியாத ஊர்ல, யாருக்கோ வந்த முட்டி வலிக்கு."



ஜூன் 21

இன்று மார்ச் மாதக் கட்டுக்கு வந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 22

நேற்று கரண்ட் போகவில்லை. நான்தான் அணைத்தேன். நாட்குறிப்பில் பொய் எழுதி யாரை ஏமாற்ற?

செல்லக்கிளியின் தாள்கள் வந்தன. அணைத்துவிட்டேன்.

ஜூன் 24

பரமேஸ்வரி அறைக்கே வந்துவிட்டாள். இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி பார்த்த முகம். யாரிடமாவது கத்தவேண்டும் போலிருந்திருக்கிறது, என்னிடம் கத்தினாள்.

"ஆள் வர்ற வரைக்கும், ஆள் வர்ற வரைக்கும்னு எல்லார்ட்டயும் சொல்றீங்களே. மேடம் ரூமுக்குப் போயி நீங்களா கேட்டு வாங்குன ஆர்டர்தானக்கா இது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

நான் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் கோபம் தணிந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் புள்ள செத்ததுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க? நாந்தான் அன்னைக்கு டியூட்டின்னா நானும் அதத்தான செஞ்சிருப்பேன்."

"தெரியும்" என்றேன்.

தெரியும். தெரிந்தும் அந்த வராந்தாவில் கால் வைக்க முடியவில்லையே.

ஜூன் 25

செல்லக்கிளியின் விவரங்களை ஏற்றி முடித்தேன்.

வயது இருபத்து மூன்று. ஊர் ஈத்தங்காடு, மலையில். முதல் பிரசவம். அம்மா வீட்டில் இருந்தபோது அங்குள்ள டாக்டர் நெஞ்சில் சத்தம் வித்தியாசமாகக் கேட்கிறது என்று இதய ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு வால்வு சுருங்கியிருப்பது அதில் தெரிந்திருக்கிறது. அந்தத் தாள் ஜனவரியிலேயே இந்த அறைக்கு வந்துவிட்டது; விசாரணைக்குப் பிறகுதான் மார்ச் கட்டில் சேர்த்திருக்கிறார்கள். இளம்பரிதி அப்போது நவம்பர் மாதத் தாள்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் அவள் வலியோடு வந்தபோது திரையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவளிடம் கேட்டேன், "நெஞ்சு படபடப்பு ஏதும் உண்டாம்மா?" என்று. "மேடேறுனா வரும் சிஸ்டர்" என்று சிரித்தாள். மலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். பிரசவம் ஆனது, ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம், டிரிப்பை வேகமாக விடச் சொன்னார் டாக்டர். விட்டேன். சாதாரணப் பெண்ணாக இருந்தால் அது உயிரைக் காப்பாற்றும் தண்ணீர். அவளுக்கு அது நுரையீரலில் போய் நிறைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தாள்.

விசாரணை நடந்தது. விவரம் உரிய நேரத்தில் பதிவேற்றப்படவில்லை என்று இளம்பரிதிக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். நல்ல வேலை கிடைத்துப் போனார் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் முதல் நாளே இதில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 2

மார்ச், ஏப்ரல் முடிந்தது. வேகம் வந்துவிட்டது, நான்கு விரல். பழைய கட்டை அப்படியே வைத்துவிட்டு, இப்போது மாசமாக இருப்பவர்களின் தாள்களை முதலில் ஏற்றுகிறேன். பிரசவமாகிப் போனவர்களின் கணக்கு காத்திருக்கட்டும். அறிக்கை தாமதமாகிறது என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. "தாமதமாத்தான் வரும் சார்" என்றேன்.

ஜூலை 4

ஒரு தாள். தங்கப்பேச்சி, வயது இருபத்தாறு, கணக்குப்படி இப்போது எட்டாம் மாதம். மே மாதம் பார்த்தபோதே ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, சிறுநீரில் புரதம் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பரிசோதனையும் இல்லை. ஆறு வாரமாக அந்தத் தாள் இங்கே கிடந்திருக்கிறது.

மலையின் கிராம செவிலியர் ராஜகனிக்குப் பேசினேன். "அது ஊர்லயே இல்ல சிஸ்டர். புருசனோட ஏலக்காய்க் காட்டுக்கு வேலைக்குப் போயிருச்சு, கேரளாப் பக்கம். அங்கயே எஸ்டேட் லைன் வீட்டுல தங்கிருக்கு. நானும் ரெண்டு வாட்டி சொல்லி விட்டுட்டேன்" என்றார். அவர் ஒருவரே ஏழு ஊர் பார்க்கிறார். ஜீப் டிரைவர் மூலமாக ஒரு நம்பர் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

ஜூலை 5

நம்பர் காலையிலேயே வந்தது. பத்துத் தடவைக்கு மேல் அடித்தேன். சாயங்காலம்தான் எடுத்தாள். மேட்டில் ஏறி நின்று பேசியிருப்பாள் போல, காற்றுச் சத்தம்.

"தங்கப்பேச்சியா? தாலுகா ஆஸ்பத்திரில இருந்து பிலோமி சிஸ்டர் பேசுறேம்மா. கால் வீங்கியிருக்கா?"

"மாசமா இருந்தா வீங்கத்தான செய்யும்."

"தலவலி இருக்கா?"

"இருக்கு. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரியும் இருக்கு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்னோட பேப்பர் எங்கிட்ட இருக்கு. நீ நாளைக்கே கீழ எறங்கி வரணும். இங்கயே தங்கணும்."

"அங்கயா? மாட்டேன் சிஸ்டர். எங்க பக்கத்து ஊர்ப் புள்ள செல்லக்கிளி அங்கதான செத்துப்போச்சு. நல்லாப் போன புள்ள. பொணமாத்தான் கொண்டாந்தாக."

நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அதெல்லாம் ஒன்றும் ஆகாது, பயப்படாதே, கடவுள் இருக்கிறார். வார்டில் எத்தனையோ பேரிடம் சொன்னதுதான்.

"ஆமாம்மா. செத்துப்போச்சு. நாந்தான் பக்கத்துல இருந்தேன்" என்றேன்.

அவள் ஃபோனை வைக்கவில்லை. "எதுனால செத்துச்சு?"

"நெஞ்சுல கோளாறு இருந்துச்சு. அந்த விவரம் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருச்சு, எங்க கைக்கு வந்து சேரல. ஒன்னோட விவரம் வந்து சேந்துருச்சு. அதாம்மா ஒன்னயப் போட்டு இந்தப் பாடு படுத்துறேன்."

காற்று இரைந்துகொண்டே இருந்தது.

"நீங்க இருப்பீகளா?"

"ஆஸ்பத்திரிலதான இருக்கேன்."

"அது இல்ல. பிரசவத்தப்ப. எம்பக்கத்துல இருப்பீகளா?"

"இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 6

வந்துவிட்டாள். எஸ்டேட் ஜீப்பில், புருஷனோடு, ஒரு பையோடு. முகமெல்லாம் ஊதியிருக்கிறது. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உடனே அட்மிஷன்.

வார்டு வாசல் வரை கூடவே போனேன். உள்ளே பரமேஸ்வரி வாங்கிக்கொண்டாள். "நீங்க வரல?" என்றாள் தங்கப்பேச்சி. "வலி வரட்டும், வர்றேன்" என்றேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டுக் கேட்டார், "ஒன்னால முடியுமா பிலோமி?" நான்கு மாதமாக நான் தூக்கத்தில் எழுந்து உட்காருவதை ஒரு வார்த்தை கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இவர். தெரியவில்லை என்றேன்.

ஜூலை 9

காலையில் மே மாதத் தாள்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும், பரமேஸ்வரி ஆள் விட்டாள். பிரஷர் ஏறுகிறது, வலி ஆரம்பித்துவிட்டது, உங்களைக் கேட்டு அழுகிறாள் என்று.

சமையற்கூடம் சுற்றிப் போக நேரமில்லை. வராந்தாவில் தண்ணீர் எதுவும் இல்லை, காய்ந்துதான் கிடந்தது.

உள்ளே போனதும் முதலில் அந்த வாசனைதான். டெட்டாலும் ரத்தமும் வியர்வையும். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே கட்டில் இல்லை, பக்கத்துக் கட்டில். தங்கப்பேச்சி கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பரமேஸ்வரி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "அக்கா, க்ளவுஸ்" என்றாள், நேற்றும் நான் வார்டில் இருந்தது மாதிரி. போட்டுக்கொண்டேன்.

வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டாகிவிட்டது. டிரிப் போடவேண்டியிருந்தது. எவ்வளவு போகலாம் என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். அவர் எரிச்சல்படவில்லை. ஒவ்வொரு சொட்டும் விழுவதைப் பார்த்துக்கொண்டே மற்ற வேலையைச் செய்தேன். மத்தியானம் அவள் கண் ஒருமுறை மேலே செருகியது. "பேச்சி, என்னயப் பாரு, இங்க பாரு" என்று கன்னத்தைத் தட்டினேன். பார்த்தாள். "பூச்சி" என்றாள். "பறக்கட்டும். நீ முக்கு."

மூன்று மணிக்கு மேல் பிறந்தான். எடை குறைவு, ஆனால் அழுதான், ஊரைக் கூட்டுகிற அழுகை. அவளுக்குப் பிரஷர் இறங்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை கையை விடவில்லை. அவளும் விடவில்லை.

வார்டின் பின்பக்கத் தொட்டியில் முகம் கழுவும்போதுதான் அழுதேன். செல்லக்கிளிக்காக அன்றைக்கு அழவில்லை, விசாரணையில் அழவில்லை. இன்றைக்கு இரண்டு பேரும் பிழைத்த பிறகு வந்தது.

ஜூலை 13

மேடம் கூப்பிட்டார். "வார்டுக்குத் திரும்பிருங்க பிலோமினா. பரமேஸ்வரி பாவம்."

"கம்ப்யூட்டர் ரூம், மேடம்?"

"பூட்டி வைப்போம். ஆள் வர்ற வரைக்கும்."

"தங்கப்பேச்சி பேப்பர் அந்த ரூம்லதான் மேடம் கெடந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப காலைல வார்டு, மத்தியானம் அங்க. முடியுமா?"

"முடியாது மேடம். ரெண்டுலயும் அரைகொறையா இருப்பேன். அதுவும் ஆபத்துதான்."

இருபது வருடத்தில் அவரிடம் முடியாது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. "அடுத்த மாசம் ரிவ்யூ மீட்டிங் இருக்கு. செல்லக்கிளி கேஸும் வருது. நீங்களும் வாங்க. அதுவரைக்கும் அங்கயே இருங்க" என்றார்.

ஆகஸ்ட் 6

மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். ஏசி அறை, பிஸ்கட், பெரிய திரை. பிரசவத்தில் இறந்த தாய்மார்களின் விவரம் ஒவ்வொன்றாக வந்தது. செல்லக்கிளியின் பக்கம் வந்தபோது காரணம் என்ற இடத்தில் இதய நோய் என்றிருந்தது. அதன் கீழே, தவிர்க்கக்கூடிய குறைபாடு: பதிவுப் பணியாளரின் தாமதம்.

அதிகாரி அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், அது தப்பு. நாலு பேர் செய்ற வேலைய ஒருத்தரு செஞ்சாரு. இப்ப ரெண்டு மாசமா அந்த வேலைய நான் செய்றேன். நானும் பின்தங்கித்தான் இருக்கேன். நாளைக்கு ஒரு பொம்பள செத்தா எம்பேரப் போடுவீங்களா?"

"சிஸ்டர், இது யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. இருக்கிற காரணத்துல ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும். ஆள் இல்லங்கிறதுக்கு இதுல எடமே கெடையாது."

"அப்ப எடம் உண்டாக்குங்க சார். காலி நாற்காலின்னு போடுங்க."

யாரோ சிரித்தார்கள். நான் உட்காரப் போனேன். அப்போது ரங்கநாயகி மேடம் எழுந்தார். "அவங்க சொல்றது சரி. ஆள் வேணும்னு நான் நாலு தடவ எழுதியிருக்கேன். விசாரணையில அதச் சொல்லாம விட்டது என் தப்பு. இப்ப சொல்றேன், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். எதை எழுதினார்கள் என்று தெரியாது. திரும்பி மேடத்தின் காரில் வந்தேன். ஊர் நெருங்கும்போது, "டீ சாப்பிடுவோமா?" என்றார்.

ஆகஸ்ட் 12

இரண்டு நாள் காய்ச்சல். கஞ்சி.

ஆகஸ்ட் 26

கடிதம் வந்திருக்கிறது. நான்கு பணியிடத்தில் ஒன்றுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். மற்ற மூன்றும் பரிசீலனையில். இளம்பரிதியின் மெமோவை ரத்து செய்திருக்கிறார்கள். ஒரே வரி, காரணம் எதுவும் இல்லை.

வந்திருப்பவர் பெயர் ஜெனிஃபா பானு, முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். வேறு ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்த்தவர். பத்து விரலாலும் தட்டுகிறார். இப்போது மாசமாக இருப்பவர்களின் தாள்களை முதலில் ஏற்றச் சொன்னேன். "அறிக்கை கேப்பாங்களே சிஸ்டர்?" என்றார். "கேக்கட்டும். எங்கிட்ட அனுப்புங்க" என்றேன்.

செப்டம்பர் 2

வார்டுக்குத் திரும்பிவிட்டேன். முதல் நாளே இரண்டு பிரசவம். பரமேஸ்வரி லீவு போட்டுவிட்டுத் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

டியூட்டி முடிந்ததும் ஜெனிஃபாவின் அறைக்குப் போய் அங்கிருந்து இளம்பரிதிக்குப் பேசினேன். மெமோ ரத்தானதைச் சொன்னேன். "அப்படியா" என்றார். திரும்பி வருகிறீர்களா என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர். இங்க பழகிட்டேன்" என்றார். அது அவர் உரிமை.

வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, "சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "செல்லக்கிளிக்குப் பொறந்த குழந்த? அது எப்படி இருக்கு?"

குழந்தை பிழைத்தது, செல்லக்கிளியின் நாத்தனார் தூக்கிக்கொண்டு போனாள். அதோடு சரி. ஆறு மாதமாக அந்த மரணத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசினோம். அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

"இருங்க பரிதி, வச்சிராதீங்க" என்றேன். ஜெனிஃபா நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். ஈத்தங்காடு, குழந்தைகள், தடுப்பூசி, மார்ச்சில் அவள் பிறந்த தேதி. போன வாரம்தான் ராஜகனியின் தாளை ஜெனிஃபா ஏற்றியிருக்கிறார்.

"இருக்கு" என்றேன். "பொம்பளப் புள்ள. பேரு வச்சிருக்காங்க, மகிழினின்னு. மூணு தடுப்பூசியும் போட்டாச்சு. வளக்குறது நாத்தனார்தான், அம்மாங்கிற எடத்துல அவங்க பேரப் போட்டிருக்காங்க. எடை ஆறு கிலோ எண்ணூறு."

எடையை அவர் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

பிறகு, கணக்கைச் சரிபார்க்கிற அதே பழைய குரலில் கேட்டார். "வயசுக்கு அது சரியான எடைதானே சிஸ்டர்?"

"சரியான எடை பரிதி" என்றேன். "ரொம்பச் சரியா இருக்கு."